பழைய எக்ஸ்கவேட்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு: 'ஈசிஎம் போச்சு' என்றால் உடனே பணம் கொடுக்காதீர்கள்

நம்ம குமரி மாவட்டத்தில் பழைய எக்ஸ்கவேட்டரோ ஜேசிபியோ எடுக்க நினைப்பவர்களும், ஏற்கெனவே எடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு அலைபவர்களும் இதைக் கடைசிவரை படியுங்கள். ஈசிஎம் என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. மீட்டர் வைத்து எதையும் அளக்காமலே ஒருவர் "ஈசிஎம் போச்சு" என்று சொன்னால் அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அப்படிச் சொல்லித்தான் எங்களிடம் 1,40,000 ரூபாய் வாங்கினார்கள். பழுது இருந்தது ஒரே ஒரு வயரில்.

நானும் மச்சானும் சேர்ந்து ஒரு 20 டன் வண்டி வாங்கினோம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் முறித்த தோட்டங்களில் மறுநடவுக்கு நிலம் திருத்தும் வேலைக்காக. வீட்டுமனை வேலையில் மட்டும் ஓடிய வண்டி என்று விற்றவர் அடித்துச் சொன்னார். புது பெயின்ட், புது சீட் கவர். எப்போது பார்க்கப் போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு அணைத்துவிடுவார். கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குப் பாறாங்கல் போடும் வேலையில் கடற்கரையில் கிடந்த வண்டி அது என்பதை முன்பு அதை ஓட்டிய ஆபரேட்டர் சொல்லித்தான் அறிந்தோம். உப்புக்காற்று பட்ட வண்டியில் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும். இதில் களிம்பின் மேலேயே கிரீஸ் பூசி மூடியிருந்தார்கள்.

காலையில் நன்றாக ஓடும். சூடேறியதும் திரையில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு கோடு (பழுதைக் காட்டும் எண், எரர் கோடு) வரும், பூம் (பக்கெட்டைத் தூக்கும் பெரிய கை) இழுவை குறையும், வண்டி நகரவே யோசிக்கும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி சரியாகும். நாகர்கோவிலை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். லேப்டாப்பை மாட்டினார், கோடைப் பார்த்தார், "அண்ணே, இத்தனை சென்சார் ஒண்ணா போகாது, ஈசிஎம்தான் போச்சு" என்றார். பழைய ஈசிஎம் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து மாட்டினார்கள். அன்று மாலை வண்டி ஓடியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே கோடு, அதே சோர்வு. திரும்பக் கொண்டுபோனால், "அப்போ வயரிங் கிட் முழுசா மாத்தணும்" என்று அதற்கும் ஒரு பெரிய தொகை சொன்னார்கள்.

அங்கே நிறுத்திவிட்டு திருவட்டாறு பக்கத்தில் லாரி வயரிங் பார்க்கும் ஒரு அண்ணாச்சியைக் கூட்டி வந்தோம். அவர் கையில் இருந்தது மல்டிமீட்டர் மட்டும்தான். அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், எல்லாருக்கும் பயன்படும்.

பிரஷர் சென்சார் பெரும்பாலும் மூன்று வயரில் வேலை செய்யும். ஒன்றில் ஈசிஎம் கொடுக்கும் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது ஈசிஎம்முக்குத் திரும்பும் சிக்னல். பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் லைனில்தான் பல சென்சார்கள் தொங்குகின்றன. தெருக்குழாய் ஒரு வீட்டு வாசலில் உடைந்தால் தெரு முழுக்கத் தண்ணீர் வராமல் போகிற மாதிரி, ஒரு சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் அந்த லைனில் இருக்கும் எல்லா சென்சாருக்கும் கோடு வரும். ஆக, பல கோடு ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த 5 வோல்ட் இருக்கிறதா என்பதைத்தான். வண்டியைச் சூடேற்றி கோடு வந்த நேரத்தில் அண்ணாச்சி அளந்தார். 5 வர வேண்டிய இடத்தில் 1 வோல்ட்டுக்கும் கீழே. சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தார். பம்ப் பிரஷர் சென்சாரைக் கழற்றியும் ஏறவில்லை. அதே வயர்க் கட்டு பிரிகிற இடத்தில் அடுத்த பிளக்கைக் கழற்றி, கட்டைக் கொஞ்சம் தூக்கினார், மீட்டர் 5 காட்டியது. கிளாம்புக்கு அடியில் இன்சுலேஷன் தேய்ந்து, யாரோ முன்பே டேப் சுற்றி வைத்த இடம். சூட்டில் டேப் இளகியதும் செம்பு இரும்பில் பட்டிருக்கிறது.

முன்பே டேப் சுற்றியிருந்தது என்றால் இந்தக் கோளாறு இருப்பதைத் தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கோடு சொல்வது ஒரு சர்க்யூட்டை, பார்ட்டை அல்ல. எஸ்பிஎன் (எந்த சர்க்யூட் என்ற எண்), எஃப்எம்ஐ (என்ன வகைப் பழுது என்ற எண்) என்று காட்டும் வண்டிகளில் எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் அளவுக்கு மேலே, 4 என்றால் கீழே, 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது வயர் அறுந்திருக்கிறது. 3, 4, 5 எதுவானாலும் வயரையும் கனெக்டரையும் பார்த்த பிறகுதான் பார்ட். ஈசிஎம் கெடவே கெடாது என்று சொல்லவில்லை. பேட்டரி கழற்றாமல் பக்கெட்டுக்கு வெல்டிங் வைத்தாலோ உள்ளே தண்ணீர் இறங்கினாலோ கெடும். அப்போதும் அதற்குப் போகிற சப்ளையும் எர்த்தும் சரியா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

வாங்கப் போகும்போது, முந்தின இரவு முதல் ஓடாத வண்டியாகக் கேளுங்கள். பானெட்டில் கைவைத்துப் பார்த்தால் தெரியும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் லோடில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள், டீசல் காசு நீங்களே கொடுத்தாலும் பரவாயில்லை. 24 வோல்ட் வண்டியில் ஓடும்போது பேட்டரியில் 27 முதல் 28.5 வரை வர வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும் நேரத்தில் பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. மீட்டரை ஓம்ஸில் (வயரின் தடையை அளக்கும் இடத்தில்) வைத்து மட்டும் பார்க்காதீர்கள். ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது நல்ல வயர் மாதிரியே காட்டும், லோடில்தான் கைவிடும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஓடிய வண்டி என்றால் கனெக்டர்களைக் கழற்றி பின்னைப் பார்க்காமல் அட்வான்ஸ் வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் வராதீர்கள். எங்கள் ஈசிஎம் நல்ல நிலையில்தான் இருந்திருக்க வேண்டும். கேட்டால் "அது ஸ்கிராப்புக்குப் போச்சு" என்கிறார்கள். மாற்றிப் போட்டதில் வேறு வண்டியின் மணிக்கணக்கு இருக்கிறது, எங்கள் மீட்டரோடு ஒத்துப்போகவில்லை. நாளைக்கு விற்கப்போனால் மீட்டரைத் திருத்தியது நாங்கள்தான் என்பார்கள். இதுதான் எங்களுக்குப் பணத்தைவிடப் பெரிய வேதனை.

தொழிலுக்கு வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று அந்த ஒர்க்‌ஷாப்காரர்களே எங்களிடம் சொன்னார்கள். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் வண்டியை ஓட்டுவது மச்சான்தான். வழக்கு போடக் கெடு 2 வருடம். விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடலாம். ஆனால் பில் வேண்டும். எங்களுக்குத் துண்டுச்சீட்டில் 'ஈசிஎம் வேலை' என்று எழுதித் தந்திருந்தார்கள். பார்ட் நம்பர், சீரியல் நம்பர் போட்ட பில் கேட்டு இப்போது ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்கிறோம்.