ராமநாதபுரம் மக்கள் நீதிமன்றம்: வங்கிக் கடனுக்கு நல்ல இடம், தேதியில்தான் கவனம் வேண்டும்

வங்கிக் கடன் வாராக்கடனாகி நிற்பவருக்கு, வங்கியோடு பேசிக் கடனைக் குறைத்து முடிக்க, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) தாராளமாகப் பரிந்துரைக்கக்கூடிய சேவை. கட்டணம் கிடையாது. வழக்கு வருவதற்கு முன்பே மனு கொடுக்கலாம். கடனைக் குறைத்துத் தருவதாக முன்பணம் கேட்கும் ஏஜென்சிகள் செய்வதும் இதே பேரம்தான். அவர்கள் பேசி முடிப்பது வெறும் கடிதத்தோடு நிற்கும், இங்கே பேசி முடிப்பது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம்.

வெறுங்கையோடு போகக் கூடாது. அசல், வட்டி, அபராத வட்டி மூன்றையும் தனித்தனியே காட்டும் கணக்கு விவரத்தைக் கிளையில் முதலில் வாங்குங்கள். வங்கி முதலில் விட்டுக்கொடுப்பது அபராத வட்டி, அடுத்தது ஏறிய வட்டி. அசலில் கை வைப்பது கடினம். வந்திருக்கும் அதிகாரிக்குத் தள்ளுபடி அதிகாரம் எவ்வளவு என்று உட்கார்ந்ததும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் 'மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்' என்பதோடு அன்றைய நாள் போய்விடும். இலங்கையில் படகு பிடிபட்டாலும் படகுக் கடன் அப்படியே நிற்கும். மீன்வளத்துறைச் சான்றும், படகை இலங்கை அரசுடைமையாக்கிய உத்தரவின் நகலும் கையில் இருந்தால் பேச்சுக்கு எடை கூடும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் தவணைத் தேதியில். சமரசத் தொகையை 3 மாதத்துக்கு மேல் இழுத்தால் ரிசர்வ் வங்கி விதிப்படி அது கடன் மறுசீரமைப்பாக (பழைய கடனுக்குப் புதுக் கெடு கொடுத்ததாக) கணக்காகும். அதனால் வங்கி 3 மாதத்துக்குள் முடிக்கவே நெருக்கும். விசைப்படகுக்காரர் மார்ச் அமர்வில் கையெழுத்துப் போட்டால் தவணைகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போய் விழும். கடல் வருமானம் இல்லாத நாளில் ஒரு தவணை தவறினாலும் தள்ளுபடி ரத்தாகி முழுத்தொகையும் திரும்ப ஏறும் என்ற வரி ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். இந்தத் தீர்வுக்கு அப்பீல் இல்லை, வங்கி நேரே நிறைவேற்று மனு (பணத்தை வசூலித்துத் தரச் சொல்லும் கோர்ட் மனு) போடலாம். கையில் காசு உள்ளபோது ஒரே தவணையாக முடிப்பதே உத்தமம். இல்லையென்றால் தடைக்காலம் கழிந்த அமர்வுக்குக் கேளுங்கள். ஜாமீன் போட்டவர் பெயரும் உத்தரவில் வரவேண்டும், விட்டுவிட்டால் பிறகு அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகலாம்.

பணம் கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். அடமானப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. சிபில் கடன் வரலாற்றுப் பதிவில் 'செட்டில்டு' (முழுதும் கட்டாமல் பேசி முடித்தது) என்று விழுவதையும், அடுத்த கடனுக்கு அது தடையாக நிற்பதையும் ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்துப் போடவேண்டும்.

கந்துவட்டிக்கும் தண்டலுக்கும் இந்த இடம் பெரிதாக உதவாது. கொடுத்தவர் நோட்டீஸுக்கு வரமாட்டார், வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதற்கு 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். நகைக்கடனிலும் பேரத்துக்கு இடம் குறைவு, பொருள் அவர்கள் பெட்டியில் இருக்கிறதே.

மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடலாமே என்பவர்களுக்கு: 2016 திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்கு இங்கே 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். கட்ட முடியாத கடன் 500 ரூபாய் இருந்தாலே ஐ.பி. மனு (திவால் மனு) போடலாம். ஆனால் மனு போட்டதும் கடன் தீர்ந்துவிடாது. கடன் கொடுத்த எல்லார் பெயரும் சொத்துப் பட்டியலும் கொடுக்கவேண்டும், சொத்து கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும், கோர்ட் குறித்த காலத்துக்குள் கடனிலிருந்து விடுவிப்புக்குத் தனியே மனு போடவேண்டும். அந்த மனுவை மறந்தால் திவால் உத்தரவே ரத்தாகும். அடமானம் வைத்த வீட்டின் மீது வங்கிக்குள்ள உரிமை அப்படியே இருக்கும். கடைசி 2 ஆண்டுக்குள் மனைவி பேரில் எழுதிவைத்த தானப் பத்திரத்தையும் கோர்ட் செல்லாதாக்கலாம்.

எந்த வழிக்குப் போனாலும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இந்தச் சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.