வழக்கு மென்பொருள் மாற்றும்போது நாங்கள் பார்த்த ஒரே விஷயம்

மதுரையில் எங்கள் வக்கீல் அலுவலகம் சின்னது. சீனியர், நான், இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா. நடப்பில் முந்நூறு சொச்சம் கேஸ் கட்டுகள். பத்து வருடமாக ஓடிய பழைய மென்பொருளைப் போன மே மாதக் கோடை விடுமுறையில் மாற்றினோம். எதிரே மூன்று வழிகள் இருந்தன. நீதிமன்றங்களின் இலவச இ-கோர்ட்ஸ் செயலியோடு நின்றுவிடலாம், ஒரே தடவை பணம் கட்டி அலுவலகக் கணினியில் போட்டுக்கொள்ளலாம், அல்லது ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா கட்டி இணையத்தில் பயன்படுத்தலாம். சந்தாவுக்குப் போனோம். முடிவு செய்தது ஒரே கேள்விதான்: உள்ளே போட்ட விவரங்களை நாங்களே முழுசாக வெளியே எடுக்க முடியுமா?

இ-கோர்ட்ஸ் செயலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கேஸுக்கும் தரப்படும் 16 இடம் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா, உத்தரவு எல்லாம் வந்துவிடும். தனி வக்கீல், ஐம்பது அறுபது கேஸ் என்றால் அதுவும் ஒரு டைரியும் போதும். ஆனால் அது நீதிமன்றம் பதிவு செய்ததைத்தான் காட்டும். கோர்ட் நம்பர் கொடுக்காமல் ரிட்டர்ன் செய்த பிராதை, அதாவது வழக்கு மனுவை, என்றைக்குள் திரும்பப் போட வேண்டும், ஒரு தரப்பு வராததால் கொடுக்கப்பட்ட எக்ஸ் பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்பதற்கான 30 நாள் எப்போது முடிகிறது, ஐகோர்ட் அப்பீலுக்கான 90 நாளில் இன்னும் எத்தனை பாக்கி என்பதையெல்லாம் நாம்தான் கணக்கு வைக்க வேண்டும்.

வாய்தா நினைவூட்டல், பீஸ் கணக்கு, கட்சிக்காரருக்கு, அதாவது நம்மிடம் கேஸை ஒப்படைத்தவருக்கு, செய்தி அனுப்புவது ஆகியவை மற்ற இரண்டிலும் உண்டு. அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் ஒரு மென்பொருளை விட்டு வெளியே வரும்போதுதான் தெரிகிறது. பழைய நிறுவனத்திடம் “எங்கள் விவரங்களைக் கொடுங்கள்” என்று கேட்டபோது நானூறு பக்கத்துக்கு ஒரு பி.டி.எஃப். வந்தது. அதில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் பழைய எழுத்துருவில் இருந்தன. நகலெடுத்து எக்செல்லில் ஒட்டினால் முருகேசன் என்ற பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும்தான் வந்து விழுந்தன. குமாஸ்தா அண்ணன் அலமாரியிலிருந்து ஒவ்வொரு கட்டாக எடுத்து, மேலட்டையைப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தார். ஜூன் முழுக்க அதிலேயே போனது. அந்த இழுபறியில் ஒரு ரிட்டர்ன் மனுவின் கெடு தப்பி, தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு போட வேண்டி வந்தது. அந்தக் கட்சிக்காரரிடம் விளக்கம் சொன்ன அன்று எனக்கு மனசே சரியில்லை.

அதனால் புதியதை வாங்குமுன் ஒரு சோதனை வைத்தோம். இருபது கேஸ்களைத் தமிழ்ப் பெயர்களோடும் ஸ்கேன் செய்த உத்தரவுகளோடும் உள்ளே போட்டு, யாருக்கும் போன் செய்யாமல் நாங்களே வெளியே எடுத்துப் பார்த்தோம். கணினியில் நிறுவும் மென்பொருள் கொடுத்த பேக்கப்பை அந்த மென்பொருளில் மட்டும்தான் திறக்க முடிந்தது. சந்தா மென்பொருள் ஒன்றில் “கேட்டால் அனுப்புவோம்” என்றார்கள். அது வேண்டாம் என்று விட்டோம். நாங்கள் எடுத்துக்கொண்டது எக்செல் பட்டியலும் கேஸுக்கு ஒரு ஃபோல்டரும் கொடுத்தது. தமிழ், எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடிலேயே சிதையாமல் வந்தது. சந்தாவை நிறுத்திய பிறகு எத்தனை நாள் வரை இறக்கிக்கொள்ளலாம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

இதில் சௌகரியம் மட்டும் இல்லை, கடமையும் இருக்கிறது. பீஸ் பாக்கி என்பதற்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று 2000இல் ஆர்.டி. சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்சிக்காரர் வக்கீலை மாற்றினால் அவர் கேஸை மட்டும் தனியாக எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். அதையும் சோதித்தோம்.

நிறுவும் மென்பொருளுக்கு ஒரு நியாயம் உண்டு. கட்சிக்காரரின் காகிதங்கள் நம் அறையை விட்டு வெளியே போகாது, இணையம் போனாலும் வேலை நிற்காது. இணையம் அடிக்கடி போகும் ஊராக இருந்தால் நான் அதையே யோசிப்பேன். சந்தாவில் எங்கள் அனுபவம் எட்டு மாதம்தான். ஐந்து வருடக் கணக்கில் எது மலிவு என்று இப்போதே சொல்வது சரியாக இருக்காது. ஜூனியர் ஒருவர் கூடினால் சந்தாவும் கூடும்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை குமாஸ்தா அண்ணன் மொத்தத்தையும் இறக்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு சீனியரின் பீரோவில் வைத்துவிடுகிறார். சிவப்பு அட்டை டைரியையும் அவர் இன்னும் விடவில்லை. நாங்களும் விடச் சொல்லவில்லை.