உடலின் நீரளவு: நின்று அளப்பதா, படுத்து அளப்பதா?

உடலில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று மின்சாரம் செலுத்திப் பார்க்கும் கருவிகளில், வீட்டில் வைத்துக்கொள்ளத் தோதானவை இரண்டு வகை. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு சேர்த்து நீர் சதவீதத்தையும் காட்டும் எடை மெஷின் ஒன்று. ஆளைப் படுக்க வைத்து, கையில் இரண்டும் காலில் இரண்டுமாக எலெக்ட்ரோடு (ஒயர் மாட்டும், ஜெல் தடவிய ஒட்டுவில்லை) ஒட்டி அளப்பது இன்னொன்று. அம்மாவுக்குக் காலில் நீர் கோத்துக்கொள்ளும் தொந்தரவு உண்டு. ஒரு மருத்துவப் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிய வேண்டும். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து, படுத்து அளக்கும் கருவியைத்தான் தேர்ந்தெடுத்தேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. 1 மில்லிஆம்பியருக்கும் குறைவான, உடம்புக்கே தெரியாத மாறுதிசை மின்னோட்டம். அதிர்வெண் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ். உப்புகள் கரைந்த உடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. நீர் கூடினால் மின்தடை குறையும். உயரத்தின் வர்க்கத்தை இம்பீடன்ஸால் (மாறுதிசை மின்னோட்டத்துக்கு உடம்பு காட்டும் மொத்தத் தடை) வகுத்தால் கிடைக்கும் எண், ட்ரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வகை) கொடுத்து அளந்த மொத்த நீரளவோடு நெருங்கிப் போகிறது என்பதை 1969-ல் ஹாஃபர் குழுவினர் காட்டினார்கள்.

எடை மெஷினின் வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏறி நின்றால் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அது காட்டும் நீர் சதவீதத்தில் உண்மையில் அளந்தது எவ்வளவு, கணக்குப் போட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அளந்த கையோடு அமைப்புகளுக்குப் போய் வயதை மட்டும் இருபது ஆண்டு கூட்டிவிட்டு மறுபடி ஏறி நில்லுங்கள். நான் பார்த்த மெஷினில் நீர் சதவீதம் உடனே மாறியது. உடம்பில் ஒரு சொட்டு நீர்கூட மாறவில்லை. மாறியது சமன்பாட்டுக்குள் போன வயதுதான். எடை, உயரம், பாலினம், வயது எல்லாம் அந்தச் சமன்பாட்டுக்குள் கலந்துவிடுகின்றன. தவிர, மின்சாரம் ஒரு காலில் ஏறி அடிவயிறு வழியாக மறுகாலில் இறங்குவதால் கையும் மேலுடம்பும் கணக்கிலேயே வருவதில்லை. கால் வீங்கியவருக்கு அந்தக் காலை மட்டும் அளந்து உடம்பு முழுவதற்கும் ஒரு சதவீதம் சொன்னால் அதை எப்படி நம்புவது?

படுத்து அளக்கும் கருவி (என்னிடம் இருக்கும் வகையாவது) முதலில் காட்டுவது இரண்டே எண்கள்: மின்தடை, மின்மறுப்பு. இரண்டும் ஓம் கணக்கில். செல்களின் சவ்வுகள் மின்தேக்கி போல நடந்துகொள்வதால் வருவது மின்மறுப்பு. இந்த இரண்டையும் உயரத்தால் வகுத்து வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டுப் பார்க்கும் முறையை 1994-ல் பிக்கோலி குழுவினர் முன்வைத்தார்கள். நீர் சேரச் சேர அந்தக் கோடு குட்டையாகும், வற்றினால் நீளும். லிட்டர் கணக்கு, சமன்பாடு எதுவும் வேண்டாம். அம்மாவின் நோட்டில் நான் எழுதி வைப்பதும் இந்த இரண்டு எண்களையும் அன்றைய எடையையும்தான். சிறுநீர் பிரிய மருந்து கொடுத்த வாரத்தில் எடை இறங்கி மின்தடை ஏறினால், போனது நீர்தான் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். எடை மட்டும் இறங்கி மின்தடை அப்படியே நின்றால், சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும்.

நான் இந்தப் பக்கம் வந்ததற்கு உண்மையான காரணம், ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அளக்க முடிவதுதான். அது தானாக வருவதில்லை. எலெக்ட்ரோடு 1 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினாலே மின்தடை ஏறத்தாழ 2 சதவீதம் மாறிவிடும். 500 ஓமில் அது 10 ஓம். நீர்க்கணக்காக மாற்றினால் அரை லிட்டரை ஒட்டி வரும். நாம் பார்க்க நினைக்கும் மாற்றமே அரை லிட்டர், ஒரு லிட்டர்தான் எனும்போது இது சின்னப் பிழை அல்ல. அதனால் எலும்பை அடையாளமாக வைத்துக்கொள்கிறேன். மணிக்கட்டின் புறத்தில், சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் நடுவை ஒட்டி ஒரு எலெக்ட்ரோடின் மேல்விளிம்பு. புறங்கையில் விரல் கணுக்களுக்குச் சற்றுப் பின்னால், மணிக்கட்டுப் பக்கமாக இன்னொன்று. காலிலும் இதே போல, கணுக்கால் எலும்புகளுக்கு நடுவில் ஒன்று, பாதத்தின் மேல் விரல்களுக்குப் பின்னால் ஒன்று. ஒரு ஜோடிக்கு இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எப்போதும் வலப்பக்கம். அம்மாவின் தோலில் பேனாவால் மெல்லிய கோடு போட்டு வைப்பேன். அது அழிவதற்குள் அடுத்த அளவு வந்துவிடும்.

அப்புறம் படுக்கை. படுத்ததும் காலில் தேங்கியிருந்த நீர் மெல்ல மேலே நகர்வதால் மின்தடை கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். பத்து நிமிடமாவது பொறுத்துத்தான் பட்டனை அழுத்த வேண்டும். கை உடம்பைத் தொடக்கூடாது, தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. ஒட்டினால் மின்சாரம் குறுக்கு வழி பிடித்துவிடும். நடுவில் உலர்ந்த துணியை மடித்து வைத்தால் போதும். கருவியோடு வந்த 500 ஓம் சோதனை மின்தடையை ஒயர்களில் மாட்டிப் பார்த்தால் மெஷின் சரியாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கோளாறு கருவியிலா, உடம்பிலா என்று பிரித்துப் பார்க்க நான் பார்த்த எடை மெஷினில் வழியே இல்லை. பித்தவெடிப்பு, தடித்த உள்ளங்கால் இருப்பவர்களுக்கு அங்கே தொடர்பும் சரியாகக் கிடைக்காது.

பராமரிப்பு என்று பார்த்தால் எடை மெஷினுக்குத்தான் வெற்றி. துடைத்து வைத்தால் போதும். இதற்கு எலெக்ட்ரோடு தீரத் தீர வாங்க வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துவிட்டு வாயை இறுக மூடாவிட்டால் ஜெல் காய்ந்துவிடும். காய்ந்ததை ஒட்டினால் முதலில் கெடுவது மின்மறுப்புதான். ஒருமுறை ஒட்டியதை எடுத்து மறுபடி ஒட்டுவதும் வீண். தோலில் எண்ணெயோ க்ரீமோ இருந்தால் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே, 5 கிலோஹெர்ட்ஸ் முதல் 1000 கிலோஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்களில் அளக்கும் கருவிகள் உண்டு. குறைந்த அதிர்வெண் மின்னோட்டம் செல்லுக்கு வெளியே உள்ள நீர் வழியாகவே சுற்றிப் போகும். அதிர்வெண் கூடும்போது சவ்வைத் தாண்டி உள்ளேயும் போகும். இதனால் உள்நீர், வெளிநீர் இரண்டையும் தனித்தனியாகக் கணிக்கலாம். டயாலிசிஸ் பிரிவுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். வீக்கம் என்பதே வெளிநீர் கூடுவதுதான் என்பதால் தத்துவப்படி இதுதான் சிறந்தது. ஆனால் அம்மாவுக்கு மருத்துவமனையில் சில தடவை அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. மாதக்கணக்கில் புழங்கிய அனுபவம் எனக்கில்லை. கைப்பிடியும் பாதத் தகடுமாக எட்டு எலெக்ட்ரோடு கொண்ட நிற்கும் கருவிகள் கை, கால், உடற்பகுதி என்று பிரித்துக் காட்டும். அதிக நேரம் நிற்க முடியாதவருக்கு அது சரிவராது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எதை வாங்கினாலும் மாறாத குறைகள் உண்டு. இப்போதுதான் குடித்த ஒரு சொம்பு தண்ணீர் எடையில் தெரியும், மின்தடையில் தெரியாது. உடல் எடையில் ஏறக்குறைய பாதியைச் சுமக்கும் நடுவுடம்பு, மொத்த மின்தடையில் பத்தில் ஒரு பங்குதான் தருகிறது; அதனால் வயிற்றில் நீர் கோத்தால் அது சரியாகப் பிடிபடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொடவே வேண்டாம். விளையாடி முடித்ததும் வியர்வையில் எவ்வளவு போயிற்று என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் இவை எதுவுமே தேவையில்லை. முன்னும் பின்னும் எடை பார்த்தாலே அதைவிட நன்றாகத் தெரியும்.

படுத்து அளக்கும் கருவிதான் என்று முடிவு செய்தால், வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். மின்தடையையும் மின்மறுப்பையும் ஓம் கணக்கில் திரையிலேயே காட்டுமா? அதன் ஒயர்கள் வெளியில் கிடைக்கும் சாதாரண எலெக்ட்ரோடுகளில் மாட்டுமா, அந்த நிறுவனத்தின் எலெக்ட்ரோடையே கேட்குமா? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அதற்கு எடை மெஷினையே வாங்கிக்கொள்ளலாம்.