சூரிய மின்சாரத்துக்கு ஈய பேட்டரியா, லித்தியமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் சொந்தமாகச் சூரியத் தகடு மாட்டுகிறவர்கள் தடுமாறுவது பேட்டரியில்தான்.

கடையில் முதலில் கண்ணில் படுவது ஈய-அமில பேட்டரி. விலை குறைவு. ஆனால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் இரண்டையும் பெருக்கி, கணக்குக்கு 1,200 வாட்-மணி மின்சாரம்; பாதிக்கு மேல் சார்ஜை இறக்கினால் ஆயுள் குறையும், ஆகக் கையில் 600தான். நம் ஊர் மத்தியான மழையும் இதற்கு எதிரி. முழுதாகச் சார்ஜ் ஏறாமல் நாள்கணக்கில் கிடந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். சார்ஜ் ஏறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வேறு வெளியாகும்; சாமி விளக்கு எரியும் அறையில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரியில் 80 விழுக்காடு வரை தாராளமாக எடுக்கலாம். அரைகுறை சார்ஜ் அதைப் பாதிக்காது, எடையும் பாதிக்கும் குறைவு. சூரியத் தகட்டிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரை மட்டும் லித்தியத்துக்கு மாற்றி வைக்க வேண்டும்.

இரண்டு விளக்கு, ஒரு காற்றாடிக்குக்கூட நான் லித்தியத்தையே சொல்வேன், வெள்ளி சேர்த்து வைத்தாவது. அப்புறம், எதை வாங்கினாலும் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.