மேலே எழுத்தே இல்லாத பெட்ரோல் ஹோஸை வாங்காதீர்கள்

அப்பாவின் 98 மாடல் மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வகை வண்டி. ஒருநாள் காலையில் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை லேசாக வளைத்துப் பார்த்தால், கிளிப்பை ஒட்டி நகக்கீறல் போல வெடிப்புகள். சின்ன வேலைதானே, நாமே மாற்றிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன்.

"அண்ணே, இது பெட்ரோலுக்கு உள்ள ஹோஸ்தானே?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஒரிஜினல் தம்பி, பத்து வருஷம் அசையாது" என்றார். ஆணியில் தொங்கிய ரோலிலிருந்து அரை மீட்டர் வெட்டிக் கொடுத்து 180 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். ஹோஸின் மேல் ஓர் எழுத்துகூட இல்லை.

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, திறந்தவெளியில் வைத்துத்தான் மாற்றினேன். கசிவு இருக்கிறதா என்று ஸ்டார்ட் செய்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நாள், சிக்னலில் நிற்கும்போது மறுபடி அதே வாடை. பின்சீட்டில் மனைவியும் மகளும். ஓரங்கட்டிப் பார்த்தால் ஹோஸ் உப்பிப்போய், தொட்ட விரலில் கறுப்பு ஒட்டுகிறது. கிளிப்புக்கு அடியில் சொட்டுச் சொட்டாகக் கசிவு. அதே பானெட்டுக்குள் கொதிக்கிற எக்ஸாஸ்ட். எனக்குக் கை நடுங்கிவிட்டது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீடு வந்தோம்.

வெட்டியதில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மூடி, மொட்டை மாடியில் நிழலில் வைத்தேன். காலையில் பெட்ரோல் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது, துண்டு கொழகொழவென்று பருத்திருந்தது. எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு, "இது தண்ணிக்குப் போடுற ஹோஸ் சார்" என்றார்.

பாட்டிலோடு கடைக்குப் போனேன். "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, அதான் தின்னுடுது. ரப்பருக்கெல்லாம் கியாரண்டி கிடையாது தம்பி" என்று கையை விரித்துவிட்டார். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது தெரிந்தவர் அதைத் தாங்குகிற ஹோஸைத்தானே கொடுக்க வேண்டும்? மூன்றே வாரத்தில் கரைவது எத்தனாலின் குற்றமில்லை.

நல்ல ஹோஸில் நீளவாக்கில் கம்பெனி பெயர், உள்விட்டம், தர எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்ஏஈ ஜே30 ஆர்7 என்ற தர எண் உள்ள ஹோஸ் போதும். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஆர்9 கேளுங்கள். அந்த வண்டியில் பெட்ரோலை அழுத்தித் தெளிப்பதால் ஹோஸுக்குள் அழுத்தம் சுமார் 3 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு; கசிந்தால் சொட்டாது, பீய்ச்சியடிக்கும். அந்த அழுத்தம் இறங்க, கழற்றுவதற்கு முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டு அணையவிடுங்கள். கிளிப்பும் ரப்பரை அறுக்காத, விளிம்பு மடித்த வகையாக இருக்கட்டும்.

இப்போது அச்சு உள்ள ஹோஸ் போட்டு ஓட்டுகிறேன். சமீபத்தில் எழுத்தில்லாத ஹோஸ் வாங்கி மாட்டியவர்கள் இன்றைக்கே பானெட்டைத் திறந்து விரலால் அழுத்திப் பாருங்கள். நான் திரும்பி வரும்போதும் அந்தக் கடை ஆணியில் பாதி ரோல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.