பதினொன்றாம் வகுப்பு இலவச சைக்கிள்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இது. தினமும் போக வர பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

முதலில் குறை. அவசரமாக மாட்டிக் கொடுத்தது அப்படியே தெரிந்தது. ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுத்தது, பிரேக் பிடிக்கவில்லை, பின் சக்கரத்தில் கோட்டம். கிடைத்த அன்றே பிள்ளையை ஓட்ட விடாதீர்கள், சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் எல்லா நட்டையும் முறுக்கி, கோட்டம் எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வாங்குங்கள். எங்களுக்கு 250 ரூபாய் ஆனது. அப்புறம் சீட்டையும் மாற்றினோம். மற்றபடி பிரேம் நல்ல உறுதி, முன் கூடையில் புத்தகப் பையும் சாப்பாடும் அடங்கும். வண்டிக்கு ஐந்துக்கு நாலு தருவேன்.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஆறரைக்கு ஒன்று. 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவிதான். ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு மணி நேரம் ரோட்டில் நிற்க வேண்டும், அதில் மழைக்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும், வயதுக்கு வந்த பிள்ளை தனியாக நிற்கிறதே என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். பணக் கஷ்டம், வந்த வரன் என்று காரணம் எத்தனையோ இருந்தாலும் "படித்தது போதும்" என்ற வார்த்தை முதலில் வருவது இந்த இடத்தில்தான். இப்போது ஐந்து பிள்ளைகள் சேர்ந்து சைக்கிளில் வந்துவிடுகிறார்கள். எனக்கு வாசலில் நின்று வழி பார்க்கிற வேலை இல்லை.

என் மனதில் உறுத்துவது ஒன்றுதான், இது தாமதமாகக் கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளி எட்டாவது வரைதான். ஒன்பதாவதுக்கே ஆறு கிலோமீட்டர் போக வேண்டும், சைக்கிளோ பதினொன்றில்தான். பீகாரில் 2006-ல் ஒன்பதாவது மாணவிகளுக்கே சைக்கிளுக்குப் பணம் கொடுத்தார்கள். அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண் பிள்ளைகள் சுமார் 30 சதவீதம் கூடியதாகப் பொருளாதார ஆய்வில் தெரியவந்தது, அதுவும் பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் அதிகம். 2001-லேயே மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்த நம் மாநிலத்தில் இதை இரண்டு வகுப்பு முன்னால் கொண்டுவரக் கூடாதா?

என் மகளோடு எட்டாவது வரை ஒரே பெஞ்சில் இருந்த பக்கத்துத் தெருப் பிள்ளை பத்தாவதோடு நின்று நூல் மில்லுக்குப் போகிறாள். மில் வேன் அவள் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது.