கோழியும் குஞ்சுகளும் பிளானல் பாடத் தொகுப்பு: கோழி இருக்கட்டும், தீ வேண்டாம்

பிளானல் துணி போர்த்திய பலகையில் துணி உருவங்களை ஒட்டி, தாய்ப்பறவையைக் காட்டி 'அடைக்கலம்' பாடத்தைச் சொல்லித்தர ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கென்று வரும் தொகுப்பு இது. தாய்க்கோழி, ஆறு குஞ்சுகள், பருந்து, கழுகும் அதன் குஞ்சும், எரியும் காடு, மனப்பாட வசன அட்டை, ஆசிரியர் கையேடு. பெட்டியில் இவ்வளவுதான்.

கோழி அருமையாக வந்திருக்கிறது. சிறகுகள் இரண்டையும் மேல்விளிம்பில் மட்டும் தைத்து, கீழே பை போலத் திறந்து விட்டிருக்கிறார்கள். குஞ்சைச் செருகினால் தலை மட்டும் வெளியே தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் ஆறு குஞ்சுகளையும் ஆசிரியரே செருகவேண்டும் என்கிறது கையேடு. அப்படிச் செய்யாதீர்கள். குஞ்சுகளைப் பலகையில் சிதறவிட்டு நீங்கள் கோழிபோல் தாழ்ந்த குரலில் கூப்பிடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒரு குஞ்சு மட்டும் வராமல் நிற்கட்டும். கோழி குஞ்சுகளைச் சேர்ப்பதுபோல் உன் பிள்ளைகளைச் சேர்க்க மனதாயிருந்தேன் என்று எருசலேமைப் பார்த்து இயேசு சொல்லும் மத்தேயு 23:37 அங்கேதான் போய் முடிகிறது: "உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று." வசன அட்டையில் இந்தக் கடைசி வரியையே வெட்டிவிட்டார்கள். எருசலேமுக்காக இயேசு புலம்பியது அட்டையில் தாலாட்டாகிவிட்டது. வரியைக் கையால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பருந்துக்குப் பதில் ஒரு நரி இருந்திருக்கலாம். லூக்கா 13:32இல், தம்மைக் கொல்லத் தேடிய ஏரோதை 'நரி' என்கிறார் இயேசு. இரண்டு வசனம் தள்ளி, 34இல், தம்மைக் கோழிக்கு ஒப்பிடுகிறார். நரியின் பக்கத்தில் கோழி! இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. கையேட்டில் லூக்காவே இல்லை.

சிறகு எதற்கு என்ற பகுதியும் மெலிந்திருக்கிறது. 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சுக்கு மேலெல்லாம் பூமயிர்தான். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. தாயில்லாமல் வளர்ப்பவர்கள் முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வைத்து, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வரை குறைப்பார்கள். அந்த வேலையைக் கோழி தன் உடம்பால் செய்கிறது. ஆகவே சிறகு பருந்து வரும்போது மட்டும் விரியும் குடை அல்ல, குஞ்சுக்கு அன்றாடம் வேண்டியது. கடவுள் தமது சிறகுகளாலே மூடுவார் என்னும் சங்கீதம் 91:4ஐ இதோடு சேர்த்துச் சொன்னால் நன்றாகப் பொருந்தும்.

இனி எரியும் காடு. கருகிச் செத்த தாயைக் குச்சியால் தட்டினால் அடியிலிருந்து குஞ்சுகள் உயிரோடு ஓடிவந்ததாம். ஊரெல்லாம் சுற்றும் இந்தக் கதையைக் கையேடு உண்மைச் சம்பவமாகவே அச்சிட்டிருக்கிறது. இறகு எளிதில் கருகும். தாயைக் கொன்ற சூடும் புகையும் குஞ்சை மட்டும் விட்டுவைக்குமா என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால் ஆசிரியரிடம் பதில் இருக்காது. சின்னப் பிள்ளைகளோ செத்த அம்மாவை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். பிள்ளைகளுக்காக உயிர்விட்ட தாயைக் காட்டிச் சிலுவையைச் சொல்வதுதான் நோக்கம் என்றால், அதற்கு இயேசுவின் பாடுகளின் வரலாறே இருக்கும்போது இது எதற்கு?

கழுகுப் பகுதியில் குஞ்சை முதுகில் ஏற்றிப் பறக்கவிடச் சொல்கிறார்கள். முக்குளிப்பானும் அன்னமும் குஞ்சை முதுகில் சுமந்து நீந்தும். கழுகு அப்படிச் சுமந்து பறப்பதில்லை. கழுகு குஞ்சைச் செட்டைகளின்மேல் சுமப்பதாகச் சொல்லும் உபாகமம் 32:11 மோசேயின் பாட்டு. பாட்டாகவே சொல்லுங்கள், விலங்கியலாக வேண்டாம்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, ஃபெல்ட் துணி உருவங்கள் நன்றாக ஒட்டுகின்றன. லேமினேட் செய்த வசன அட்டைதான் வழுக்கி விழுகிறது. பின்னால் உப்புக்காகிதத் துண்டு ஒட்டினால் நிற்கும். பலகையை நேராக நிறுத்தாமல் சற்றுப் பின்சாய்த்து வையுங்கள். துணி படிந்துபோனால் பல் துலக்கும் பிரஷால் எதிர்ப்பக்கமாகத் தேய்க்கலாம். சிறகுகளை மடித்து வைத்தால் தையலோரம் சுருண்டு பை வாய் மூடிக்கொள்ளும். நடுவில் காகிதம் வைத்துத் தட்டையாக வையுங்கள். குஞ்சுகள் விரல் நீளம்தான், பின்வரிசைக்குத் தெரியாது. பதினைந்து பேருக்கு மேல் இருந்தால் அரைவட்டமாக உட்காரவையுங்கள். கையேடு 40 நிமிடம் என்கிறது. மழலையருக்குப் பத்து நிமிடம் தாராளம்.

எட்டு வயது வரையுள்ள வகுப்புக்கு, கோழிக்காகவே வாங்கலாம். உதிரிக் குஞ்சு தருவதில்லை. பெட்டியைப் பிரித்ததுமே ஒரு குஞ்சைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து வைத்துக்கொண்டால், தொலையும்போது மஞ்சள் ஃபெல்ட்டில் வெட்டிக்கொள்ளலாம்.